இன்னொரு டேக்

மஹ்பூலா என்றால் அரபியில் கிறுக்கி என்கிறார்கள்.
பேருக்கேற்ற ஊர்.
நாலாவது மாடி, ஆறு கட்டில், ஒரு டிவி.
ஞாயிறு ஆறரை, ஊரில் அப்போது ஒன்பது.
சைட் பஸ் இறக்கிவிட்ட சிமெண்டு முடியோடு
உட்கார்ந்துவிடுவோம்,
திட்டுவதற்கென்றே.

அந்த நிகழ்ச்சிக்கு ஏதோ ஒரு பெயர் உண்டு.
நாங்கள் வைத்தது வெங்காயம்.
ஜிகினா கோட்டுக்காரன் ஒரு கேள்வி கேட்பான்.
திரை கறுப்பு வெள்ளையாகும்.
மாமியார் திரும்பிப் பார்த்தால் மூன்று தடவை இடி.
அழுகிறவளிடம் நீட்டும் டிஷ்யூ டப்பாவில்
கம்பெனிப் பெயர்
கேமராவை விட்டு முகம் திருப்பாது.

வயலின் வருமுன்னே தவசிக்கனி வாயால் வாசிப்பான்.
"இப்ப பாரு, கதவு தொறக்கும்" என்பான் பக்கீர் ஒலி.
திறக்கும்.
தமிழே தெரியாத அப்பலசாமி மட்டும்
ஸ்ரீகாகுளத்துத் துண்டால் கண்ணைத் துடைப்பான்.
"இதப் பாக்கிறவன்லாம் மனுசனா"
சவரிமுத்து சொல்வான்,
ஒரு வாரமும் தவறாமல் பார்த்துக்கொண்டே.

திசையன்விளையில் அவன் பெண்டாட்டி அமலோற்பவம்
அவனிடம் சொல்லாமல் பேர் கொடுத்திருந்தாள்.
கிரைண்டர் தருவார்களாம்.

சேனலிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
"கடைசியா எப்ப சார் ஊருக்குப் போனீங்க?"
"மூணு வருசம் ஆச்சு."
"சூப்பர் சார்."

அறையைக் கூட்டினோம்.
கட்டில் கம்பியில் காய்ந்த ஜட்டி பனியன்களை
ஒளித்து வைத்தோம்.
வீடியோவில் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:
"அந்தத் துணியெல்லாம் இருந்துச்சே சார்,
அதுதான் வேணும்."
எடுத்து மாட்டினோம்.

மேடையில் அமலோற்பவம்,
யாருடையதோ ஒரு ஜிமிக்கி போட்டு.
"நல்லா இருக்கியளா?"
"இருக்கேன். சாப்பிட்டியா?"
"ஆச்சு."
அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை.
மனசில் இருப்பதைச் சொல்லச் சொன்னான் கோட்டுக்காரன்.
சவரிமுத்து தொண்டையைச் செருமினான்.
"மோட்டார ரிப்பேருக்குக் குடுத்தியா?"
"குடுத்தேன். காயில் போயிட்டாம். ரெண்டாயிரத்து நானூறு."
"நானூறு கூட."
"நானும் அதத்தான் சொன்னேன், கேக்க மாட்டேங்கான்."

"சார், இன்னொரு டேக் போலாமா?
கொஞ்சம் ஃபீலோட."

இரண்டாவது டேக்கிலும் மோட்டார்.
"கிச்சன் இருக்கா சார்,
வெங்காயம் வெட்டிக்கிட்டே பேசுற மாதிரி?"
நாங்கள் வைத்த பெயர் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று
பக்கீர் ஒலி முழித்தான்.
மூன்றாவதில் நெட் போய்விட்டது.
திரையில் சக்கரம் சுற்றியது.
கண்ணைச் சுருக்கி, வாய் பாதி திறந்து
போனுக்குள் குனிந்தே இருந்தான் சவரிமுத்து,
வருமா வராதா என்று.

ஒளிபரப்பில் மோட்டார் இல்லை.
நானூறு ரூபாய் இல்லை.
கறுப்பு வெள்ளையில், மெதுவாக,
அந்தக் குனிந்த முகம்.
இடி, இடி, இடி.
எதிரே அமலோற்பவத்தின் மடியில் டிஷ்யூ டப்பா.
கோட்டுக்காரன் தன் கண்ணையே துடைத்துக்கொண்டான்.

தவசிக்கனி கன்னத்தை உப்பிவைத்தவன்
காற்றை வெளியே விடவில்லை.
வாராவாரம் அழும் அப்பலசாமி அன்று அழவில்லை.
மூன்று டேக்கும் அவன் அந்தக் கட்டிலில்தான் இருந்தான்.
"அது நெட்டு போன மூஞ்சிடா"
யாரும் கேட்காமலே சொன்னான் சவரிமுத்து.
தெருவே அழுததாக மைத்துனன் போன் செய்தான்.
சூப்பர்வைசர் பரிதாபப்பட்டு
ஒரு மணி நேரம் ஓவர்டைம் கூடப் போட்டார்.

இரவு மேல்கட்டிலில் குரல் தணித்துக் கேட்டான்:
"தண்ணி ஏறுதா?"
அவள் பதில் சொல்லவில்லை போல.
போனை மோட்டார் பக்கம் நீட்டியிருக்கிறாள்.
கர்ரென்று அந்தச் சத்தம்
கீழ்க்கட்டிலில் எனக்கும் கேட்டது.
வெகுநேரம் அவன் நிறுத்தச் சொல்லவில்லை.

கிரைண்டர் இன்னும் வரவில்லை.
கேட்க அடித்தால்
லைனில் காத்திருக்கச் சொல்கிறார்கள்.
காத்திருக்கும்போது
அதே வயலின்.